வெயில் வியாபாரம்

சுன்னாகம் சந்தையில் ஏறிய ஒரு பெண், பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வெறும் சாக்குகளை மடியில் வைத்தபடி இருந்தார். பக்கத்தில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர், வயதில் இளையவர்.

“இனி வெங்காயம் விக்கமாட்டன் தம்பி. வெயிலைத்தான் விக்கப்போறன்.”

“வெயிலையோ?”

“ஓம். நாங்கள் வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம் பாத்துத்தான் இறக்குமதி வரியைக் குறைக்கினம். கப்பல் வெங்காயம் வந்து குவிஞ்சால் எங்கடையை ஆர் வாங்கிறது? இண்டைக்கும் அடிமாட்டு விலைக்குத்தான் குடுத்திட்டு வாறன். சோலர் கொம்பனி ஒண்டு தோட்டக்காணியைக் குத்தகைக்குக் கேக்குது. வெயிலைக் கப்பலிலை கொண்டுவரேலாதுதானே?”

“கப்பல் எதுக்கு அக்கா? கடலுக்குள்ளாலை கம்பி இழுத்து, வெளிநாட்டிலையிருந்து கரண்ட் எடுக்கப்போயினமாம்.”

“இஞ்சை இவ்வளவு வெயில் கொளுத்துதே!”

“அதுதான் பிழை. போன ஞாயிற்றுக்கிழமை வெயில் கூடி கரண்ட் மிஞ்சிப்போச்செண்டு, மின்சார சபைக்காரர் என்ரை கூரைச் சோலரை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம்.”

அந்தப் பெண் யன்னலுக்கு வெளியே கொளுத்திய வெயிலைப் பார்த்தார்.

“எங்கடை வெயிலிலை அப்பிடி என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை அக்கா, எங்கடை எண்டதைத் தவிர.”

அவர் கைத்தொலைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தார்.

“இஞ்சருங்கோ, கொம்பனிக்காரர் வந்திட்டினமோ? தேத்தண்ணியைக் குடுத்து அனுப்புங்கோ. கையெழுத்து மட்டும் வைச்சுப்போடாதேங்கோ.”

மறுமுனையில் கணவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“ஓம், வெங்காயத்தைத்தான் நடுவம். விலைப்படாட்டிலும் கறிக்கெண்டாலும் போடலாம்.”