ஒருத்தி இருந்தாலும் வீடு

"பஸ்ஸுல வச்சு வாங்க மாட்டேன் ஈசுவரி. எனக்கு வீடு இருக்குல்ல?"

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு தோழிகள். ஐம்பது வயதிருக்கும். ஈசுவரி பேரனின் காதுகுத்துப் பத்திரிகையை நீட்டியபடி இருந்தாள். மற்றவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"என் மக கல்யாணத்துக்கும் நீ வரல. இப்ப இதையும் வாங்க மாட்டேங்குற. என்னடி கோவம்?"

"கல்யாணத்துக்கு எங்க அண்ணன் வீட்ல ஒரு பத்திரிக்கைய வச்சுட்டு, எனக்கும் சேத்துத்தான்னு சொல்லிட்டுப் போனீல்ல?"

"நீ ஒத்தையாத்தான இருக்க, தனியா எதுக்குன்னு நெனச்சுட்டேன். பொறாமையில வரலைன்னு எங்க வீட்ல பேசிக்கிட்டாக."

"பொறாமையா? எனக்குத் தனி அடுப்பு, தனி சிலிண்டர், ரேஷன் கார்டும் தனி. இன்னொருத்தர் வீட்டுப் பத்திரிக்கையில ஒட்டிக்கிட்டு நான் எதுக்கு வரணும்? ஒருத்தி இருந்தாலும் அது ஒரு வீடுடி."

ஈசுவரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வாழைத்தோட்டங்களைப் பார்த்தபடி பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சின்னமனூரில் தோழி எழுந்தாள். தேனிக்கு டிக்கெட் எடுத்திருந்த ஈசுவரியும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நீயும் எறங்குறியா?"

"உன் வீட்டுக்குப் பத்திரிக்கை வைக்கணும்ல."

தோழி விறுவிறுவென்று படியில் இறங்கினாள்.

"அப்ப நீ மெதுவா வா. நான் முன்னால போயி கதவைத் தொறக்குறேன். வாசல்ல நின்னு நான் வாங்கன்னு கூப்பிடணும்ல!"