பூக்காவடியில் ஒரு தேனீ

பிரபாவதி: "செருப்பை உள்ள எடுத்து வை, நாய் தூக்கிக்கினு போயிடும்." அதான் உங்க அண்ணன் எங்கிட்ட கடைசியா பேசினது. அப்பால காவடியத் தோள்ல வச்சாரு, மலை ஏறினாரு.

அசோக்குமார்: அண்ணி... அந்தக் காவடியத்தான் கேக்க வந்தேன். பரண்ல இருந்து எறக்கட்டுமா? ஆடிக் கிருத்திகைக்கு நாலே நாளு.

பிரபாவதி: இன்னாத்துக்கு?

அசோக்குமார்: ரெண்டு வருஷம் முன்னாடி அண்ணன் பாதி மலையில விட்டுட்டுப் போன வேண்டுதல். நான் முடிக்கிறேன்.

பிரபாவதி: முடி. பால்குடம் எடு. பூக்காவடி வேணாம்.

அசோக்குமார்: எங்க வீட்ல பரம்பரையா பூக்காவடிதாங்க...

பிரபாவதி: கையக் காட்டு.

அசோக்குமார்: எந்தக் கை?

பிரபாவதி: இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சிக்கினு வந்தியே, அந்தக் கை.

அசோக்குமார்: அது ஒண்ணும் இல்ல... போன வாரம் பூ மார்க்கெட்ல ஒரு தேனீ கொட்டிச்சி. வீங்கிச்சி, வடிஞ்சிடிச்சி.

பிரபாவதி: ஒடம்பு பூரா தடிப்பு தடிப்பா எழும்பிச்சாமே? உதடு வீங்கிச்சாமே?

அசோக்குமார்: தேவயானி போன் பண்ணிட்டாளா! பொண்டாட்டியா அவ, ரேடியோ.

பிரபாவதி: நல்லவேளை ரேடியோ. இதுக்கு முன்னாடி எப்பனா கொட்டியிருக்குதா?

அசோக்குமார்: சின்ன வயசுல. ஒண்ணுமே ஆவல.

பிரபாவதி: ஆங்... மொதோ தடவை ஒண்ணும் ஆவாது. உங்க அண்ணனையும் அந்த வருஷம் பங்குனில கொட்டிச்சி. தொடைச்சிப் போட்டுட்டு வேலைக்குப் போனாரு.

அசோக்குமார்: அப்ப ஆவாதது ஆடில மட்டும் எப்பிடி ஆவும்?

பிரபாவதி: மொதோ தடவை ஒடம்பு அந்த விஷத்த அடையாளம் புடிச்சி வச்சிக்குது. அடுத்த தடவை வந்தது துளி விஷம்தான். ஆனா ஊரக் கொளுத்த வந்தவன்னு நெனச்சி ஒடம்பே எகிறிக் குதிக்குது. தோல் தடிக்குது, தொண்டை வீங்குது, பிபி எறங்கிடுது. தேனீ பாதி கூட பண்றதில்ல அசோக்கு. மிச்சம் நம்ம ஒடம்பு பண்ற தப்பு.

அசோக்குமார்: டாக்டரம்மா கெட்டாங்க போங்க!

பிரபாவதி: சிரி. ரெண்டு வருஷமா இதையேதான் கேட்டுக்கினு, படிச்சிக்கினு இருக்கிறேன்.

அசோக்குமார்: ஊர்ல எத்தினி பேரக் கொட்டுது, எல்லாருமா சாவறாங்க?

பிரபாவதி: இல்ல. ஏன் ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலன்னு டாக்டருக்கே முழுசாத் தெரியலயாம். ஆனா ஒனக்கு வந்துடிச்சி. அடுத்த கொட்டு இப்பிடி வடியாது. நாளைக்கு வேலூரு ஆஸ்பத்திரிக்குப் போறோம், அலர்ஜி டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கறோம்.

அசோக்குமார்: நான் வரல.

பிரபாவதி: ஊசின்னா பயமா?

அசோக்குமார்: பயம் இல்லீங்க. அண்ணனை முருகன் எடுத்துக்கினான், அவ்ளோதான். மலையில, காவடியோட, அருள் வந்து... யாருக்குக் கெடைக்கும் அந்தச் சாவு?

பிரபாவதி: அருள்னு யாரு சொன்னது?

அசோக்குமார்: எல்லாருந்தான்! மொகம் செவந்துது, ஒடம்பு உதறிச்சி, கண்ணு சொருகிச்சி. சுத்தி நின்ன அத்தினி பேரும் அரோகரா போட்டாங்களே!

பிரபாவதி: கழுத்துல தேனீக் கொடுக்கு ஒண்ணு இருந்துது. குளிப்பாட்றப்ப பாத்தேன்.

அசோக்குமார்: அது ஏதாவது பூ முள்ளு குத்தியிருக்கும்.

பிரபாவதி: ஒன் ரத்த டெஸ்ட்டுல தேனீ விஷந்தான்னு வந்துட்டா, அவரையும் சாமி எடுத்துக்கினார்னு சொல்ல முடியாது. அதானே ஒனக்குப் பயம்?

அசோக்குமார்: விடுங்க அண்ணி...

பிரபாவதி: விட மாட்டேன். ஒருத்தர வுட்டாச்சி.

அசோக்குமார்: எங்கிட்ட சொன்னாரு.

பிரபாவதி: இன்னா சொன்னாரு?

அசோக்குமார்: "டேய், மூச்சு முட்டுது, காவடிய எறக்குடா"ன்னு... காதாண்ட. மேளச் சத்தத்துல எனக்கு மட்டுந்தான் கேட்டுது. நடுவழியில எறக்கினா வேண்டுதல் கெட்டுடும்னு... நான் இன்னும் சத்தமா அரோகரா போட்டேன்.

பிரபாவதி: தெரியும். பக்கத்து வீட்டு டில்லிபாபு அன்னிக்கு எடுத்த வீடியோல அவரு வாய் அசையறது தெரியுது, நூறு தடவ பாத்துட்டேன். நான் சொல்லாதது ஒண்ணு இருக்குது, கேளு. எம்பக்கம் கைய நீட்டினாரு அசோக்கு. நான் புடிக்கல. சாமின்னு நெனச்சி, மஞ்சத்தண்ணிய அவரு கால்ல ஊத்தி வுழுந்து கும்பிட்டேன். அதனாலதான் சொல்றேன், காலைல ஆறு மணி பஸ்ஸுக்கு வந்து நில்லு. மலைக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. நாம நின்னது பாதியில. அன்னிக்கு அவரத் தூக்கிக்கினு எறங்க அஞ்சு நிமிஷங்கூட ஆயிருக்காது.