நாற்காலி வரைக்கும்தான் காப்பி

கேத்தரின்: கதவத் தொறக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? காப்பி நாற்காலில இருக்கு. நான் குசினிக்குப் போனப்புறம் எடுங்க.

இருதயம்: அஞ்சு நாளா பொண்டாட்டி மொகத்தையே பாக்கல...

கேத்தரின்: முப்பது வருசமா பாத்து என்னத்தக் கண்டீங்க? மாஸ்க் போட்டுக்கிட்டு கைய மட்டும் நீட்டுங்க. ஜன்னல் தொறந்திருக்கா?

இருதயம்: தொறந்திருக்கு லா. நம்ம பண்டமாரான் ஊருக் கொசு பூரா இங்கதான்.

கேத்தரின்: கோவிட்டுக்குக் கொசு தேவல. இன்னிக்கி டெஸ்ட் பண்ணீங்களா?

இருதயம்: பண்ணேன்... ரெண்டு கோடு. பளிச்சுனு.

கேத்தரின்: ஆண்டவரே, இன்னுமா! சனிக்கெழம குளோரியா வரா. எட்டு மாசக்காரி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வராம எங்க போவா?

இருதயம்: பிரிக்பீல்ட்ஸ்ல அவ மாமியார் இருக்காங்கல்ல...

கேத்தரின்: சம்பந்தியம்மாவா! பத்தியக் கொழம்புல சீனி போடுற ஆளு. எம்புள்ளய அங்க விடச் சொல்றீங்களா?

இருதயம்: சரி, சரி... கத்தாத. அதென்ன இருமல்?

கேத்தரின்: ம்... மொளகா வறுத்தேன். நெடி.

இருதயம்: காலங்காத்தாலயா?

கேத்தரின்: சம்பலுக்கு.

இருதயம்: நேத்தும் சம்பல், முந்தாநாளும் சம்பல். எனக்கு வந்தது வெறுங்கஞ்சிதான்.

கேத்தரின்: நோயாளிக்கு எதுக்கு சம்பல்? தட்ட சோப்புத் தண்ணில போட்டு...

இருதயம்: கேத்தரின். பெட்டியில அஞ்சு டெஸ்ட் கிட் இருந்துச்சு. எனக்கு மூணுதான் வந்துச்சு.

கேத்தரின்: நீங்க என்ன போலீசா?

இருதயம்: சொல்லு லா.

கேத்தரின்: ...எனக்கும் ரெண்டு கோடு. முந்தாநாள்லேருந்து.

இருதயம்: மறைச்சுட்ட...

கேத்தரின்: சனிக்கெழமக்குள்ள போயிரும்னு நெனச்சேன். கல்யாணமானதிலேருந்து புள்ள இந்த வீட்டுல ஒரு ராத்திரி தங்கல. மூணு மாசம் எங்கூட இருப்பான்னு ரூம்ப கழுவி, பெயிண்டடிச்சு... எப்படிங்க வராதன்னு சொல்றது? வாய் வரல.

இருதயம்: நேத்தே நான் போன்ல அவகிட்ட சொல்லிட்டேன்.

கேத்தரின்: என்னக் கேக்காமலா? என்னான்னு சொன்னீங்க?

இருதயம்: 'அப்பாவுக்கு இன்னும் கொறையலம்மா, நீ மாமியார்கிட்டயே இரு. எல்லாம் சரியானதும் நாங்களே வந்து கூட்டிட்டு வரோம்'னு.

கேத்தரின்: அழுதாளா?

இருதயம்: மொதல்ல உன்ன மாதிரியே கத்துனா. அப்புறம் அழுதா.

கேத்தரின்: எல்லாம் உங்களாலதான்... கதவத் தொறங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கிருமிதானே, நானும் உள்ள படுத்துக்கறேன். நிக்க முடியல.

இருதயம்: தொறக்கிறேன். நீ மாஸ்க் போட்டுக்கிட்டுத் தள்ளி நில்லு. எனக்கு நேத்தும் இன்னிக்கும் ஒத்தக் கோடுதான். நான் நல்லாயிட்டேன்னு தெரிஞ்சா, நீ இருமலோட இருமலா புள்ளய வரச்சொல்லிருவ... அதான் ரெண்டு கோடுன்னு பொய் சொல்லி உள்ளயே கெடந்தேன். பெட்ஷீட் மாத்தியாச்சு, போய்ப் படு.