எந்தச் சுவரிலும் இல்லாதவன்

அருளே இயல்பாகவும் அன்பே ஆட்சியாகவும் கொண்ட ஏக இறைவனின் பெயரால் தொடங்குகிறேன்.

என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் அவைத் தலைவர் பெருந்தகையே! வயதாலும் வாழ்ந்த வாழ்வாலும் என்னை வென்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பகலெல்லாம் தையல் எந்திரத்தின் முன் குனிந்த முதுகை இந்த மாலையில்தான் சற்று நிமிர்த்தியிருக்கும் தாய்மார்களே! பிடித்தால் கேட்போம், பிடிக்காவிட்டால் நழுவுவோம் என்று என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி பொழியட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்.

"இஸ்லாத்தின் இறைவன்: சில தவறான எண்ணங்கள்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். படித்ததும் சுருக்கென்றது. இஸ்லாத்துக்கென்று தனியாக ஓர் இறைவனா? அல்லாஹ் என்பவன் ஏதோ ஒரு குலத்தின் காவல் தெய்வமா? பாலைவனத்துக்கு மட்டும் பட்டா வாங்கி வைத்திருக்கும் கடவுளா? இல்லை ஐயா, இல்லவே இல்லை! இறைவன் என்று நீங்கள் தமிழில் சொல்வதை அரபியில் சொன்னால் அது அல்லாஹ். அரபு பேசுகிற கிறிஸ்தவத் தாயும், பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கண்ணீர் விடுகிறாள். உங்களைப் படைத்தவன் எவனோ, என்னைப் படைத்தவன் எவனோ, நம் இருவரையும் கண்டாலே ஆகாதவரைப் படைத்தவன் எவனோ, அவனைத்தான் நாங்கள் அழைக்கிறோம். தலைவர் சிரிக்கிறார். தலைப்பு வைத்தவர் அவர்தான் என்று பிறகுதான் சொன்னார்கள், மன்னிக்கணும்.

விளக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் வெறும் விளக்கம் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளையை இழந்து, உயிர்த்தோழியை இழந்து, கடைசியில் இறைவனையும் இழக்கப் பார்த்தவள் அவள். எதனால் தெரியுமா? ஓர் அட்டைத் துண்டால்! அவள் என் அண்ணன் மனைவி. இறந்த பிள்ளைக்கு நான் அத்தை. அவளிடம் அனுமதி கேட்டுத்தான் மேடையேறியிருக்கிறேன்.

அண்ணிக்குத் தையல் ஆலையில் காலர் தைக்கிற வேலை. அதனால் அவள் பெயரே காலர்க்காரி. பக்கத்து எந்திரத்தில் பொத்தான் தைப்பவள் பொத்தான்காரி. இவள் முஸ்லிம், அவள் முஸ்லிம் அல்ல. ஆனால் காலரும் பொத்தானும் எங்கே பிரிந்திருக்கும்? ஒரே டப்பாவில் சாப்பாடு, ஒரே குடையில் வீட்டுக்கு நடை. அண்ணியின் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. ஓடியாட முடியாத அந்தக் குழந்தைக்கு, உடைந்த பொத்தான்களைக் கோர்த்துக் கோர்த்து மாலையாக்கித் தருவாள் பொத்தான்காரி. குழந்தை அவளைப் 'பொத்தாம்மா' என்றுதான் கூப்பிடும்.

ஆலையில் காலி நூற்கண்டுகள் போட்டுவைக்கும் சிறு அறையில், சாப்பாட்டு நேரத்தில் அண்ணி தொழுவாள். அறைக்கு ஜன்னல் கிடையாது. திசை தெரியவேண்டுமே என்று, கழிவுத் துணியில் கறுப்பாக ஒரு சதுரம் வெட்டி, அட்டையில் ஒட்டி, நாங்கள் முகம் நோக்கித் தொழுகிற, மக்காவிலுள்ள கஅபா இருக்கும் திசைச் சுவரில் மாட்டியிருந்தாள். அவ்வளவுதான் அந்த அட்டை.

ஆனால் பொத்தான்காரி கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? தோழி தினமும் அதன் முன் நிற்கிறாள், குனிகிறாள், நெற்றியைத் தரையில் வைக்கிறாள். அப்படியானால் அதுதானே அவளுடைய சாமி? கேட்டால் தப்பாகிவிடுமோ என்று கேட்கவும் இல்லை. இதில் அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மெத்தப் படித்தவர்களே "நீங்கள் ஒரு கறுப்புக் கட்டடத்தைக் கும்பிடுகிறவர்கள்தானே" என்று என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் கூரை மேல் ஏறி நின்று மனிதர்கள் துப்புரவு செய்கிறார்கள் ஐயா! கும்பிடுகிற சாமியின் தலையில் எவராவது கால் வைப்பாரா?

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்புறம் திசை எதுக்கு?" நல்ல கேள்வி, உட்காருங்கள். ஆலையில் வரிசை வரிசையாக எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துத் தைக்கிறீர்களே, எதிரே இருக்கிற சுவரையா தைக்கிறீர்கள்? உலகமெல்லாம் பரவிக்கிடக்கிற ஒரு கூட்டம் ஒரே வரிசையாக நிற்க ஒரு பக்கம் வேண்டும். நாங்கள் பார்த்து நிற்பது அந்தப் பக்கத்தை. வணங்குவது, எந்தப் பக்கத்திலும் அடங்காதவனை.

குழந்தைக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆலையைத் தெருவுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பொத்தான்காரி அந்த அட்டையைச் சாமான் பெட்டியில் போட விடவில்லை, தரையில் வைக்க விடவில்லை. துவைத்த துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போனாள். புது அறையில் ஒரு சுவருக்குப் பின்னால் கழிப்பறை. சாமியை அங்கேயா வைப்பது? எதிர்ச்சுவர் சுத்தமாக இருந்தது. அதில் மாட்டினாள். அன்பினால் செய்தாள், அச்சத்தோடு செய்தாள், ஆனால் கழிப்பறைச் சுவர்தான் கஅபாவின் திசை.

ஆஸ்பத்திரிக்கும் ஆலைக்கும் ஓடிக்கொண்டிருந்த அண்ணி, அட்டையைப் பார்த்தாள், யாரோ திசை பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று நம்பினாள். அந்தச் சுவரின் முன் நின்றுதான் மகளுக்காக அழுதாள். கேட்டாள், கெஞ்சினாள், தரை நனைய நனைய மன்றாடினாள். குழந்தை பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து அண்ணி வேலைக்குத் திரும்பியபோது, ஆலைக்கு ஒயரிங் பார்க்க வந்த மின்வேலைக்காரர் ஒருவர், அவரும் முஸ்லிம், திசை தப்பாச்சே என்று சொல்லிவிட்டுப் போனார். யார் மாட்டியது என்று அண்ணி கேட்டாள். நான்தான் என்று வெள்ளந்தியாகச் சொன்னாள் பொத்தான்காரி. அன்றோடு பேச்சு நின்றது. சாப்பாட்டு டப்பா இரண்டானது. தொழுகையும் நின்றது. நான் கேட்டதெல்லாம் வேற எங்கேயோ போயிடுச்சு, அவன் கோபப்பட்டுப் பிள்ளையை எடுத்துக்கிட்டான் என்று அண்ணி என்னிடம் சொன்னாள்.

பார்த்தீர்களா பெரியோர்களே! வெளியில் இருந்தவள் இறைவனை அட்டைக்குள் அடைத்தாள். உள்ளே இருந்தவள் அவனைத் திசைக்குள் அடைத்தாள். தவறான எண்ணம் என்றால் அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டும்தானா வரும்? செக்கிங் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, தையல் ஒரு நூல் கோணினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் தூக்கியெறிகிற மேற்பார்வையாளரா இறைவன்? அறியாமல் திசை மாறியவரின் தொழுகையை அவன் தள்ளிவிடுவதில்லை என்று எங்கள் அறிஞர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மார்க்கம் கற்பிக்கிறவள் நான், அத்தனையும் சொன்னேன். அண்ணி காதில் ஏறவில்லை.

ஒரு விடுமுறை நாளில் நான் அண்ணி வீட்டில் இருந்தபோது பொத்தான்காரி வந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, துணியில் சுற்றிய அட்டையை நீட்டினாள்.

"இந்தாடி, உன் சாமி. தப்பான சுவத்துல வெச்சது நான். கோபம்னா என் மேல காட்டச் சொல்லு. பிள்ளை மேல காட்டினது போதும், உன்னை விட்டுடச் சொல்லு."

அண்ணி அவளையே பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் சொல் இது.

"அது சாமி இல்லடி. நான் வெட்டி ஒட்டின அட்டை. அதுல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாத அட்டைக்காகவா என்கிட்ட பேச மாட்டேங்கிற?"

தாய்மார்களே, நான் படித்த எந்தப் பாடமும் அண்ணிக்குள் போகாத இடத்துக்கு அந்தக் கேள்வி போனது. வாய்விட்டு அழுதாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கேட்டது அவனுக்குக் கேட்டிருக்குமா? நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கும் அண்ணி, என்றேன். அப்புறம் ஏன் எடுத்துக்கிட்டான்? தெரியாது அண்ணி, என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. அவன் மனத்தைப் படித்துவிட்டவள் போல மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரியும். பிள்ளையைக் காப்பாற்று என்று கதறுகிற தாயை, நீ நிற்கிற சுவர் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவன் இறைவன் அல்லன்! எங்கள் உடம்பின் நரம்பைவிட எங்களுக்கு நெருங்கியவன் என்று அவனை நம்புகிறோம். அத்தனை நெருக்கத்தில் இருப்பவனுக்கு முதுகு காட்ட எவரால் முடியும்? கோபம் அவனுக்கு உண்டு, அதை முந்திக்கொண்டு வருகிற கருணையும் உண்டு. அந்தக் கருணையின் பெயரைச் சொல்லித்தானே இந்தப் பேச்சையே தொடங்கினேன்?

மறுவாரம் ஆலையில் அந்த அட்டையை மீண்டும் மாட்டினார்கள், கழிப்பறைச் சுவரில்தான். அந்த ஒயரிங்காரர் திசை பார்த்துச் சொன்னார். அண்ணி அட்டையைப் பொத்தான்காரி கையில் கொடுத்து, "நீயே மாட்டு" என்றாள். அவள் ஸ்டூலில் ஏறினாள், ஆடாமல் இருக்க அண்ணி ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள். மாட்டி முடித்துவிட்டு அவள் கதவோரம் உட்கார்ந்திருக்க, அண்ணி தொழுதாள். தொழுகையை நிறுத்திய பிறகு அவள் தொழுத முதல் தொழுகை அது.

இருவரும் இதே அரங்கில்தான் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பித் தேடவேண்டாம். வீட்டுக்குப் போகும்போது, யாரோடு பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறீர்களோ அவர் பக்கம் திரும்புங்கள்.

பொறுமையாகக் கடிகாரம் பார்த்த தலைவருக்கும், நழுவாமல் நின்ற தம்பிமார்களுக்கும், என் அண்ணிக்கும், எங்கள் பொத்தாம்மாவுக்கும் நன்றி. எல்லார் வீட்டிலும் அமைதி தங்கட்டும். வஸ்ஸலாம்.