ஒரு டம்ளர் குறைந்தது

இரவு இரண்டே கால். அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையில் ஒரு புளியமர வளைவு. பௌர்ணமிக் கூட்டம் வடிந்து, பாதை வெறிச்சோடியிருந்தது...

இது என் தோழியின் சித்தப்பா மகன் சகாதேவனுக்கு நடந்தது. தொண்ணூற்றெட்டில். கிட்டே வந்து உட்காருங்கள், உரக்கச் சொல்லும் கதையில்லை.

அவன் சொந்தமாக டீசல் வேன் ஓட்டினான். கல்யாணமாகி ஒரு மாதம். பாதி சுற்றிலேயே கால் சோர்ந்து, மனைவி வினோதினியும் மாமனார் கோதண்டராமன் குடும்பமும் வேனில் ஏறித் தூங்கிவிட்டார்கள்.

ஊர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, ரேடியேட்டரில் கல் படிந்துவிடும். அதனால் அன்றுதான் முதல்முறையாகத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் மருந்து, ஊற்றியிருந்தான். "நாக்குல மட்டும் வெச்சிடாதே. சர்க்கரையா இனிக்கும், கிட்னி போயிடும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

வளைவில் ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகியது. எஞ்சின் ஆறியதும் கூலன்ட்டைக் குடத்தில் வடித்து மரத்தடியில் வைத்தான். திரும்ப ஊற்ற, மேலே ஒரு டம்ளர். வினோதினி பெயர் வெட்டிய சீர் டம்ளர்.

பௌர்ணமியில் பாதையோரம் குடமும் டம்ளரும் இருந்தால் அது தர்மத்துக்கு வைத்தது. எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

வேனுக்கடியில் படுத்திருந்தவன் காதில்... ணங்.

இரண்டு வெறுங்கால்கள். வெடித்த குதிகால். ஒரு விரலில் மட்டும் மெட்டி.

மடக் மடக்கென்று சத்தம்.

"இனிக்குதுப்பா. நல்லா இருப்பே."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலே மாமனார் விழித்து இருமினார். விஷத்தைக் குடத்தில் வைத்த மாப்பிள்ளை என்று... வாய் வரவில்லை. கால்கள் மெல்ல நடந்து போயின.

டம்ளரை முள்புதரில் எறிந்தான். மூன்றாம் நாள், பேர் தெரியாத ஒரு அம்மா செங்கம் ரோட்டில் செத்துக் கிடந்ததாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

அடுத்த பௌர்ணமி. அதே குடும்பம். அதே வளைவில் எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறியது. இந்த முறை குடமே கொண்டுவரவில்லை. ஹோஸைப் பார்க்க அடியில் நுழைந்தான்.

ணங்.

வெடித்த குதிகால். ஒற்றை மெட்டி. அதற்கு எதிரே, மருதாணி வைத்த கால்கள்.

தலை இடிக்க வெளியே வந்தான். வினோதினி மட்டும் நின்றிருந்தாள், கையில் டம்ளர்.

"காணாம போன என் டம்ளருங்க. ஒரு அம்மா கொண்ணாந்து குடுத்தாங்க. இனிப்பா இருக்குது."

"துப்பு வினோ, அது விஷம். போன மாசம் ஒரு அம்மா குடிச்சாங்க, பார்த்துக்கினே இருந்தேன், சொல்லல. செத்துட்டாங்க."

வேனில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கோதண்டராமன் இறங்கி, டம்ளரை வாங்கி முகர்ந்தார். வெல்லம், சுக்கு, ஏலம்.

"வெறும் பானகம்" என்றார். மாப்பிள்ளை என்று சேர்த்துச் சொல்லவில்லை. பிறகு எப்போதும் சொல்லவில்லை.

அவர்கள் நடந்தே ஊருக்குப் போனார்கள். வினோதினியும்தான். திரும்பிப் பார்க்காமல்.

விடிந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். சாயங்காலம் கழுத்து வரை நிரப்பியது. கீழே ஒரு சொட்டு ஈரமில்லை. அந்த டம்ளராலேயே தண்ணீர் அளந்து ஊற்றினான்.

சரியாக ஒரு டம்ளர் பிடித்தது.