இக்னேஷியஸ் அண்ணன் கிடாருக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டாம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மன்றத் தலைவர் கருணாகரன் அவர்களே! ஓய்வுபெற்ற துறைமுகத் தோழர்களே! மாதா கோயில் பாடற்குழுவினரே! மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருக்கும் சகோதரிகளே! கூப்பிட்டும் வராதவர்களுக்காகப் போட்டுவைத்த காலி நாற்காலிகளே! அனைவருக்கும் வணக்கம்.

நாற்காலிக்கு எதற்கு வணக்கம் என்று சிரிக்காதீர்கள். எங்கள் இக்னேஷியஸ் அண்ணன் வீட்டில் இத்தனை வருடமாக அவருக்கு எதிரில் இருந்தது ஒரு காலி நாற்காலிதான். அவரை அதைவிட நன்றாக அறிந்தவர் இந்த அரங்கத்தில் யார் இருக்கிறீர்கள்?

என் பெயர் நீலமேகம். ஹார்பரில் அவர் வின்ச் ஓட்டினார், நான் சிக்னல்மேன். கப்பலின் அடியில் சரக்கு எங்கே கிடக்கிறது என்பது வின்ச்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மேலே விளிம்பில் நின்று நான் கை காட்டுவேன். என் கையைப் பார்த்து அவர் தூக்குவார், இறக்குவார். அந்த இரைச்சலில் பேச்சுக்கு வேலையே கிடையாது. வேலை முடிந்தால் நான் பேசுவேன், அவர் கேட்பார். எங்கள் நட்பு அவ்வளவுதான், ஆனால் அது கடைசி வரைக்கும் இருந்தது.

இன்று என்னை மைக் முன்னால் எதற்கு நிறுத்தியிருக்கிறார்கள்? ஒரு தீர்மானத்தை வழிமொழிய. அண்ணன் விட்டுப்போன ஜப்பான் கிடாரை இந்த மன்றத்தில், அவர் படத்துக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைப்பது என்று தலைவர் முன்மொழிந்திருக்கிறார். நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் தோழர்களே, நான் வழிமொழிய மாட்டேன். எதிர்க்கிறேன்! தலைவர் முறைக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் முறையுங்கள், தலைவரே!

யார் இந்த இக்னேஷியஸ்? எழுபத்தாறில் ஒரு ஜப்பான் கப்பல் வந்தபோது, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டு இந்தக் கிடாரை வாங்கியவர். நேரம் பார்க்க என்ன செய்வாய் என்று கேட்டேன். "சங்கு ஊதுவான்ல, போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் வாசிக்க, பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று ஜானட் அக்கா பாடினார். அந்தப் பாட்டிலேயே அவர்கள் கல்யாணமும் முடிவாகிவிட்டது. அப்படி வாசித்த கை அது!

அந்தக் கை என்ன ஆயிற்று? ஒரு நாள் இரும்பு வடம் சுண்டியதில் இடது கையில் நடுவிரல்கள் மூன்றும் போயின. கிடாரில் கம்பியை அழுத்திச் சுரம் பிடிக்கும் கை அதுதான். அன்றோடு அவர் வாசிப்பு முடிந்தது. ஜானட் அக்கா இருந்தவரை வீட்டில் ஒரு குரலாவது இருந்தது. தொண்ணூற்றாறில் அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, வாசிக்க முடியாத ஒரு மனிதர், வாசிக்க ஆளில்லாத ஒரு கிடார்.

விற்றாரா? இல்லை! தூக்கிப் பரணில் போட்டாரா? இல்லை! ராயபுரத்து உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்ந்து விழுகிறது, கிடார் கம்பி எம்மாத்திரம்? மாதம் தவறாமல் புதுக்கம்பி மாட்டுவார். கிடாரை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கம்பியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியிருந்த இரண்டு விரலால் முறுக்குவார். நான் உதவட்டுமா என்றால், "நீ பேசிகினு இரு, நான் கட்டிகினு இருக்கேன்" என்பார்.

அவருக்குத்தான் அந்த வித்தை தெரியும். என்ன வித்தை? ஒரு பழைய கிடாரைப் பார்த்து அது ஜப்பானில் பிறந்ததா, எந்த வருடம் பிறந்தது என்று சொல்லும் வித்தை. தன் கிடாருக்குள்ளே மரக்கட்டையில் குத்தியிருந்த எண் ஐம்பது என்று தொடங்கியதைப் பார்த்து, அது ஐம்பதாம் வருடத்துப் பழஞ்சரக்கு என்று கோயிலில் கேலி பேசினார்கள். அண்ணன் விடவில்லை. அடுத்து வந்த ஜப்பான் கப்பலில் சமையல்காரரைப் பிடித்தார். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. அந்த மனிதர் மேசையில் மாவைக் கொட்டி விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் ராஜா பட்டத்துக்கு வந்த வருடத்திலிருந்து எண்ணுகிறார்கள். ஐம்பது என்றால் அவர் ஆட்சியின் ஐம்பதாவது வருடம், நம் கணக்கில் எழுபத்தைந்து. எல்லாக் கம்பெனியும் அப்படிப் போடுவதில்லை என்பதையும் போகப் போகத் தெரிந்துகொண்டார். அன்று தொடங்கியது அந்தப் பைத்தியம்!

வடசென்னையில் கப்பலிலிருந்து இறங்கிய கிடார்களுக்கா பஞ்சம்? எண்ணூரிலிருந்து வந்தார்கள், திருவொற்றியூரிலிருந்து வந்தார்கள். பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டுப் பார்ப்பார். "ஒட்டுன காயிதம் இன்னா வேணா சொல்லும், மரத்தக் கேளு" என்பார். துளையின் விளிம்பில் மரத்தின் கோடு உள்ளே இறங்கும் முழுப்பலகையா, இல்லை அடுக்கடுக்காக ஒட்டிய பலகையா என்று தடவுவார். மூக்கை வைத்து மோந்துகூடப் பார்ப்பார். கூலி? காசு வாங்கமாட்டார். வந்தவர் அண்ணனின் கிடாரில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்!

இதோ மூன்றாவது வரிசையில் பாரி உட்கார்ந்திருக்கிறார். மாதவரத்தில் லாரியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். அப்போது எம்.கே.பி. நகரில் கானா பாடிக்கொண்டு திரிந்த இளவட்டம். ஒரு கிடாரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

"அண்ணாத்த, பேசின் பிரிட்ஜாண்ட காயலாங்கடைல எட்த்தேன். அமெரிக்கா சரக்கு. உள்ள அம்பத்தொண்ணுன்னு போட்டுகீது பாரு, அம்பத்தோராம் வருசத்து பீசு!"

அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். "அமெரிக்காவும் இல்ல, அந்த வருசமும் இல்ல நைனா. ஜப்பான். எழுவத்தாறு. என்னோடதுக்கு ஒரு வயசு தம்பி."

"அப்ப டூப்ளிகேட்டா?" பாரிக்கு முகம் தொங்கிவிட்டது.

"எவன் சொன்னான்? மூஞ்சி அமெரிக்கா மாரி செஞ்சிகீறான், ஒடம்பு அவனோடது. ஷோக்கா கீது. சரி, என் கூலியக் குடு."

"எனக்கு சாவு கானாதான் வரும் அண்ணாத்த."

"அத்தையே வாசி. எனக்கும் ஒரு நாளு வேணும்ல?"

சொன்னாரா இல்லையா பாரி? தலையை ஆட்டுகிறார், பாருங்கள்! அன்றிலிருந்து பாரி அந்த வித்தையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் என்ன நடந்தது? தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. கிடாரின் எண்ணைத் தட்டினால் வருடம் வந்தது. கோயிலில் கீபோர்டு வாங்கினார்கள். அண்ணன் மாடிக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். கீழே போகிற பையன்கள் பேசியது என் காதில் விழுந்தது: "டேய் மாமு, அந்தாண்ட போவாத, பாட்டு வாசிக்கச் சொல்லி பேஜாரு பண்ணும் அந்த பெர்சு." பேஜாரா? ஒரு மனிதன் ஒரே ஒரு பாட்டுக் கேட்டது பேஜாரா?

நான் போவேன். ஆனால் நான் போனால் பேச்சு. எனக்குக் கிடாரில் தலை எது வால் எது என்று தெரியாது. "நீலமேகம், நீ வாயத் தொறந்தா இது எங்கடா பேசும்?" என்று கிடாரைக் காட்டிச் சிரிப்பார். நண்பன் எதிரில் இருந்தும் அவர் தனியாகத்தான் இருந்தார்.

இன்று வாசலில் சிலுவையம்மா எனக்கு ஒரு செய்தி சொன்னார். மீன் விற்கும் நம் சிலுவையம்மாதான். செத்துப்போன வீட்டுக்காரரின் கிடாரை அவரும் ஒரு நாள் அண்ணனிடம் எடுத்துப்போயிருக்கிறார். அண்ணன் உள்ளே பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தாராம். அப்புறம் மெதுவாக, "யம்மா, கோச்சிக்காத. இது ஜப்பான் இல்ல, கல்கத்தா" என்றாராம்.

"அத்து எனக்கு கண்ணாலத்துக்கு மொதல்லயே தெரியும்பா. ஜப்பான் கிடாருன்னு பீலா வுட்டுத்தான் அந்தாளு என்னியக் கட்டிகினாரு. நீ மெய் பேசுற ஆளான்னு பாக்க வந்தேன்."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் கூலிப் பிரச்சினை! எனக்கு வாசிக்கத் தெரியாதே என்று இவர் கையைப் பிசைய, "சும்மா கம்பியத் தட்டு, போதும்" என்றாராம் அண்ணன்.

சிலுவையம்மா விடுவாரா? "அத்த நீயே தட்டிக்கலாமே? ஒனக்குத்தான் ஒரு கையி நல்லாகீதே?"

அதற்கு எங்கள் இக்னேஷியஸ் அண்ணன் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "நான் தட்டுனா எனக்கு நானே பேசிகினு இருக்கிற மாரி கீது. வேற ஆளு தட்டுனா, வூட்ல ஆள் கீதுன்னு ஆவுது."

அன்றிலிருந்து மார்க்கெட் முடிந்ததும் சிலுவையம்மா மாடியேறி, மீன் கையோடு கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவார். முழங்கால் போனபின் அதுவும் நின்றது.

போன வாரம் பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறது என்று பக்கத்து வீட்டுக் குப்பம்மா ஓடிவந்து சொல்ல, நாங்கள் மேலே போனோம். கதவு வழக்கம்போலத் திறந்தே இருந்தது. ஒரு நாற்காலியில் அண்ணன். எதிர் நாற்காலியில் கிடார். பளபளவென்று புதுக்கம்பி! அதை எடுத்துக் கட்டிலில் வைக்கும்போது என் சட்டைப் பித்தான் பட்டுக் கம்பிகள் ஒலித்தன. கூட வந்த பாடற்குழு அடைக்கலமேரி அழுதுகொண்டே சொன்னார், சுருதி சுத்தமாகச் சேர்ந்திருக்கிறது என்று. யாருக்காகச் சேர்த்தார் தோழர்களே? அன்று யார் வருவார்கள் என்று சேர்த்துவைத்தார்?

அந்தக் கிடாரையா கண்ணாடிக்குள் பூட்டப் போகிறோம்? யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதையா? அந்த மரியாதையை நாம் அவருக்கு உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டோமே!

அடுத்தது ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. மௌனமா? அவர் வீட்டில் வருடக்கணக்கில் இருந்ததெல்லாம் அதுதானே! அதற்கு மேல் ஒரு நிமிடம் எதற்கு? வேண்டாம் தலைவரே. உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், மௌனம் மட்டும் வேண்டாம்.

தலைவர் தலையசைக்கிறார். நன்றி! இனி அவர் பெயரால் நாம் ஏற்கும் உறுதி இது. இந்தக் கிடார் மாதம் ஒரு வீட்டில் இருக்கும். புதுக்கம்பி மன்றத்தின் பொறுப்பு. அண்ணனின் டார்ச்சும் கண்ணாடியும் பாரியிடம் இருக்கும். எவர் எந்தக் கிடாரைத் தூக்கிவந்தாலும் அவர் மரத்தைக் கேட்டுச் சொல்வார். கூலி பழைய கூலிதான்.

பூத்தட்டைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கிடாரை இந்தக் காலி நாற்காலியில் வைக்கிறேன். பூ வைக்க வரிசையில் வருவது போல வாருங்கள், ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசியுங்கள். பாரி, அண்ணன் கேட்டு வைத்த கானாவை நீங்கள் கடைசியில் பாட வேண்டும். சிலுவையம்மா, முதலில் நீங்கள் வாருங்கள். அட, கையைத் துடைக்காதீர்கள், அப்படியே வாருங்கள்!

அண்ணே, நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். பழையபடி கையை மட்டும் காட்டுகிறேன்.

கேக்குதா அண்ணே? வூட்ல ஆள் கீது.