ஜாஸ்மி ஒறங்கல்ல

— செருப்பக் கழத்தாத ஷைஜா. ஜாஸ்மி ஒறங்குகா. பெறவு வா.

— நேத்தும் இதத்தான் சொன்னிய ராகேல் மாமி. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கா, வந்தா ஒறங்குகா. இன்னைக்கு எனக்க கூட்டுக்காரியப் பாக்காம போவ மாட்டேன், கேட்டியளா.

— ஆட்டோ ஓட்டுதவளுக்கு இன்னைக்கு சவாரி இல்லியா?

— வடசேரி ஸ்டாண்டுல ஆளு நெறஞ்சு நிக்கு. நிக்கட்டும். கொஞ்சம் தள்ளுங்க மாமி… ஏட்டி ஜாஸ்மி! என்ன மக்கா, பட்டப்பகல்ல இருட்டுக்குள்ள இருக்க? ஜன்னலத் தொறக்கட்டா?

— வேண்டாம்.

— தலையெல்லாம் சிக்கு பிடிச்சுக் கெடக்கே. சோறு தின்னியா?

— போ ஷைஜா.

— போவ மாட்டேன்.

— பாத்தியா, இப்பிடித்தான். பிள்ள பெறந்து மூணு மாசமாச்சு. அது கெடந்து கத்தும், மருமவ சொவரப் பாத்துட்டு இருப்பா. பாலு குடுக்கும்போகூட நான்தான் பிள்ளயப் பிடிச்சுக்கிடணும். பெத்த பிள்ளயத் தூக்காத இப்பிடி ஒரு தள்ளய நான் எங்கயும் கண்டதில்ல.

— மாமி, இது சூக்கேடு. ஒடம்புக்குக் காய்ச்சல் வாறது மாதிரி, பெத்தவளுக்கு மனசுக்கும் வரும். நாரோயில்ல மனசுக்குப் பாக்குத டாக்டரம்மாட்ட பேசியாச்சு. இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொன்னா.

— மனசு டாக்டரா? ஸ்தோத்திரம்! எனக்க மவன் எபிசன் துபாய்ல கெடந்து பாடுபடுகான், இஞ்ச அவன் பொண்டாட்டிக்குக் கிறுக்குன்னு சபையில பேசணுமா? போதகரு வந்து ஜெபிச்சாச்சு. சரியாவும்.

— ஜெபியுங்க, நானும் ஜெபிக்கேன். ஒங்க பிரஷருக்கு ஜெபமும் உண்டு, குளிகையும் உண்டுல்லா? அவளுக்கு மட்டும் எதுக்கு ஜெபத்தோட நிறுத்துதிய?

— வாய அடக்கிப் பேசு. இது எனக்க வீடு.

— ஒங்க வீடுதான். ஆனா இவ எனக்க கூட்டுக்காரி. நான் ஆட்டோ எடுத்தப்ப ஊரு பூரா சிரிச்சுது, பொம்பள ஓட்டுனா எவன் ஏறுவான்னு. மொத ஆளா ஏறி இருந்தவ இவதான். ஒரு சோலியும் இல்லாம ஆரல்வாய்மொழி வரைக்கும் போயிட்டு வந்தோம், எல்லாவனும் பாக்கட்டும்னு. ஊரு பேசும்னா நான் பயப்படுவனா? சபை நடுவுல நின்னு நானே சொல்லுவேன், கூட்டிட்டுப் போனது நான்தான்னு.

— அவ வரணும்லா? அவகிட்டயே கேட்டுப் பாரு.

— ஜாஸ்மி, ஒண்ணு கேக்கேன், மறைக்காத. செத்துப் போயிரலாம்னு தோணுதா?

— ஏட்டி! பச்சப்பிள்ள இருக்குத வீட்டுல என்ன கேள்வி கேக்க!

— கேக்காம இருந்தா இல்லன்னு ஆயிருமா மாமி? சொல்லு மக்கா. நீ என்ன சொன்னாலும் நான் எந்திரிச்சுப் போவ மாட்டேன்.

— சாவத் தோணல்ல.

— தோணல்லல்லா? பெறவு என்னத்துக்கு டாக்டரு? பெத்த பிள்ளய வேண்டாம்னு தள்ளுதது கல்லு மனசு. அதுக்கு எவ மருந்து தருவா?

— வேண்டாம்னு தள்ளல்ல மாமி. தூக்குனா எனக்க கையே அவன என்னமாவது செஞ்சுருமோன்னு பயந்துதான் கிட்ட போவாம இருக்கேன். கிறுக்கின்னு சொல்லுதவன் சொல்லட்டும், எனக்க பிள்ளய நான் பயமில்லாம தூக்கணும் — ஆட்டோவ எடு ஷைஜா.